பசியமத்துறா

பிள்ளை இன்னும் அழவில்லை. கீழ் உதட்டை மட்டும் பிதுக்கி வைத்திருக்கிறான். கோயில் ஸ்பீக்கரில் பாட்டு வருவதற்கு முன்னால் கர்ரென்று ஒரு சத்தம் வருமே, அந்தக் கட்டம். இதிலேயே பிடித்துவிட்டால் தப்பித்தேன். விட்டால் ரோடு முழுக்கக் கேட்கும், ஸ்கூல் கேட்டைத் தாண்டிக் கேட்கும், மாடியில் ஏதோ ஒரு வகுப்பில் குனிந்து விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்கிக்கொண்டிருக்கிற அக்காவுக்குக் கேட்கும், கேட்டால் அவளுக்குத் தானாகப் பால் சுரக்கும், அவளே சொல்லியிருக்கிறாள், எந்தப் பிள்ளை அழுதாலும் சட்டை நனைந்துவிடுகிறதாம், பஸ்ஸில் யாரோ பெற்ற பிள்ளை அழுதால்கூட. ஆகவே தீரா, என் தங்கமே, சித்தியைப் பார், சித்தி உனக்குக் குக்கர் விசில் அடித்துக் காட்டுகிறேன். உஷ்ஷ்ஷ். பிடிக்கவில்லையா. சரி, இப்போது கேட்டில் நிற்கிற போலீஸ்காரர் குரல்: ‘ஹால்டிக்கெட்டு கையில இருக்கட்டும், வாட்ச்சக் கழட்டு, போன உள்ள கொண்டுபோகப்படாது, யாரும்மா அது பிள்ளையோட, பிள்ளையும் கொண்டுபோகப்படாது.’ பக்கத்தில் பச்சைச் சட்டை போட்ட அண்ணாச்சி திரும்பிப் போலீஸ்காரரைப் பார்க்கிறார், போலீஸ்காரர் பேசாமல் டீ குடிக்கிறார், அண்ணாச்சி என்னைப் பார்க்கிறார், நான் வானத்தைப் பார்க்கிறேன். அவர் தோளிலும் ஒரு பிள்ளை தூங்குகிறது. அவர் பொண்டாட்டியும் உள்ளே. இந்தப் புங்கமரத்தடி பூராவும் இப்படித்தான், பொண்டாட்டிமார் உள்ளே பரீட்சை, புருஷன்மார் வெளியே பிள்ளை. அக்கா புருஷன், எங்கள் பூபதி மாமா மட்டும் வரவில்லை. அவர் கோபிச்செட்டிப்பாளையத்தில் அவர் அப்பா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பாவம், அவருக்குத் தெரியும், அக்கா பரீட்சை எழுதுவது தெரியும், ஆனால் ‘பிள்ளை நடக்கட்டும், அப்பறம் வேலைக்குப் போறதப் பத்திப் பேசலாம்’ என்று அப்பா சொல்லிவிட்டால் மாமாவுக்கு நாக்கு உள்ளே போய்விடும். அதனால் அந்த வீட்டைப் பொறுத்தவரை இன்றைக்கு அக்கா எங்கள் சித்தி வீட்டுக் காதுகுத்தில் இருக்கிறாள். ஆட்டுக்கறி சாப்பிடுகிறாள். இந்த ரகசியத்தைத் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நாலே பேர், அதில் ஒருத்தி நான், என்னிடம் ரகசியத்தைக் கொடுத்தது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்று அக்காவுக்கே தெரியும், ஆனால் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை, வேறு யார் இருக்கிறார்கள்.

உதடு உள்ளே போய்விட்டது. இப்போது கட்டைவிரலைச் சப்புகிறான். என் கட்டைவிரலை. பல்லில்லாத வாய்க்கு இவ்வளவு பலமா, உள்ளங்கால் வரைக்கும் இழுக்கிறது. ஒன்றும் வரவில்லை என்று இவனுக்கு எப்போது தெரியும், தெரிந்ததும் ஆரம்பித்துவிடுவான். பையில் மூடி போட்ட சம்படம் இருக்கிறது, காலையில் அக்கா பீய்ச்சி வைத்த பால், ஈரத்துணி சுற்றி, கூடவே சங்கு, முனை நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம். வந்ததும் ஒரு தடவை முயற்சி செய்தேன், மடியில் மல்லாக்கப் போட்டு வாயில் ஊற்றினேன், தும்மினான், துப்பினான், என் பாவாடைதான் குடித்தது. அப்புறம் ஒரு வேலை செய்தேன், அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அக்கா குரலில் பேசினேன். அக்கா பிள்ளையைத் தூக்கும்போது ஒன்று சொல்வாள், தொண்டைக்கு அடியிலிருந்து, பாதி மூச்சு பாதி சொல்: ‘வாங்க, பசியமத்துவமா, என் ராசாவுக்குப் பசியமத்துவமா.’ அச்சு அசல் வந்தது. இவன் கண்ணை விரித்துச் சடக்கென்று என் நெஞ்சுப் பக்கம் திரும்பி வாயைத் திறந்து முட்டினான். சட்டைப் பித்தானை முட்டினான். அதற்குப் பிறகு ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள். ஹெட்மாஸ்டர் மாதிரி பேசி ஸ்கூலையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், ஹெட்மாஸ்டர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அதைச் செய்யாத முதல் ஆள் நான்தான் போல, அவன் பிறந்ததிலிருந்து. அந்தச் சொல் கேட்டால் பால் வரும், அப்படித்தான் இருந்திருக்கிறது, ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் பால் கொடுப்பது என்று சொல்ல மாட்டார்கள். பால் கொடுப்பவர் எங்கள் தெருவில் சைக்கிளில் வருகிற கோனார். பெற்றவள் செய்வது பசியமத்துவது. ‘பிள்ளையப் பசியமத்துனியா’, ‘பசியமத்திட்டு வாரேன்’, ‘இரு, அவ பசியமத்துறா’. அதிலும் இந்தக் கடைசி இருக்கிறதே, ‘பசியமத்துறா’, வாசலில் நின்று இதை ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், வந்த ஆள் எவ்வளவு பெரிய ஆளானாலும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றுகொள்வார். அக்கா பிள்ளை பெற்று எங்கள் வீட்டில் இருந்தபோது எனக்கு இதுதான் விளையாட்டு. கேஸ் சிலிண்டர்க்காரர் வந்தால் பசியமத்துறா. வார்டு கவுன்சிலர் கும்பிட்டுக்கொண்டு வந்தால் பசியமத்துறா. அக்கா உள்ளே காலை நீட்டிக்கொண்டு முறுக்கு தின்பாள், பிள்ளை தூளியில் தூங்கும், வெளியே கவுன்சிலர் கூட்டத்தோடு தெருவைப் பார்த்து நிற்பார். அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வருவாள், ஏட்டி, அந்தச் சொல்லை வச்சு வெளையாடாதன்னு. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது அவளுக்கு. எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது, இந்தப் பித்தானை முட்டின கணத்தில். சயின்ஸ் டீச்சர் குரலில் பாலூட்டிகள் என்று சொல்லிப் பார்த்தால், ‘பாலூட்டிகள், எடுத்துக்காட்டு எழுதிக்கோங்க, பசு, வௌவால், திமிங்கலம்’, திமிங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் அக்கா நைட்டியோடு நிற்கிறாள், எனக்குச் சிரிப்பாணி வந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் ரூம் கட்டி போர்டு வைத்திருக்கிறார்கள், தாய்மார்கள் பாலூட்டும் அறை, அதைச் சத்தம் போட்டு வாசித்தால் சுற்றி நிற்கிற பையன்கள் செருமுவார்கள். ஆனால் பசியமத்துறா என்பதில் உடம்பே இல்லை. மாராப்பு இல்லை, பால்கூட இல்லை. ஒரு பசி இருக்கிறது, அதை ஒருத்தி அமத்துகிறாள், துள்ளுகிற கன்றைக் கழுத்தைத் தடவி அமத்துவது மாதிரி, எரிகிற அடுப்பை அமத்துவது மாதிரி. அப்பா சொல்லலாம். மாமா சொல்லலாம். கண்டக்டர் சொல்லலாம், ‘ஏம்ப்பா எந்திரி, அந்த அம்மா பசியமத்தணும்’, சொல்லியிருக்கிறார், சாத்தூர் பஸ்ஸில், ஒருத்தரும் செருமவில்லை.

மடியில் ஏதோ துடிக்கிறது. பிள்ளை இல்லை. போன். அக்காவின் போன், உள்ளே விடமாட்டார்கள் என்று என் கையில் கொடுத்தது. திரையில் அத்தை. ஐயோ, அத்தை. அக்காவின் மாமியார், சாந்தாமணி அத்தை, படத்தில் மாட்டுக்கொட்டகை முன்னால் சிரிக்கிறார்கள். இதற்காகத்தானே என்னை விட்டுவிட்டுப் போனாள். எடுக்காமல் விட்டால் அம்மாவுக்குப் போன் அடிப்பார்கள், அம்மா தீப்பெட்டி ஆபீஸ் மிஷின் சத்தத்தில் எடுத்து உளறுவாள், எல்லாம் முடிந்தது. எடு வேணி. வயிற்றுக்குள் ரங்கராட்டினம் உச்சிக்குப் போய் நிற்கிறது, எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும், கீழே விழப்போகிற இந்த இடம். தொண்டையை இறக்கினேன், மூக்கைக் கொஞ்சம் அடைத்தேன், அக்காவைப் போட்டுக்கொண்டேன். ‘சொல்லுங்கத்தை.’ அவ்வளவுதான், நான் செண்பகவல்லி, பி.எஸ்.ஸி., பி.எட். அத்தை கேட்டார்கள், காதுகுத்து ஆச்சா. ஆச்சுங்கத்தை. பின்னணிக்கு வாயைத் திருப்பிக் கொஞ்சம் மேளம் தட்டினேன், தொலைவிலிருந்து அம்மா குரலில் ‘பந்தி போட்டாச்சு வாங்க’ என்று ஒரு கூப்பாடு, மைக்கில் ஒரு மாமா யார் எவ்வளவு மொய் என்று செய்முறை வாசிக்கிறார், அடுக்களையில் ஒரு அண்டா உருள்கிறது. பச்சைச் சட்டை அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார். நான் அவருக்குக் கண்ணடிக்கிறேன். ஒரு ஆள் ஒரு கல்யாண மண்டபத்தையே வாயில் வைத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது, உடம்பெல்லாம் சோடா பொங்குகிறது, அத்தை நம்புகிறார்கள், பிள்ளை அழுகாமல் இருக்கிறானா என்று கேட்கிறார்கள், அவனுக்கு எந்தச் சட்டை போட்டாய் என்று கேட்கிறார்கள், மஞ்சள்ங்கத்தை என்கிறேன், அது உண்மை, மஞ்சள்தான். அப்புறம் அத்தை சொன்னார்கள், வீடியோல வா, அவன் மூஞ்சியக் காட்டு, ரெண்டு நாளாச்சு பாத்து. ரங்கராட்டினம் கீழே வந்தது. வீடியோவில் வந்தால் மேளம் இல்லை, பந்தி இல்லை, அக்கா இல்லை, ஒரு ஸ்கூல் காம்பவுண்டும் பாவாடையில் பால்கறையோடு நானும். யோசிக்கவே இல்லை. அதுதான் கவுன்சிலரையே திரும்பி நிற்கவைத்த சொல்லாயிற்றே. இன்னும் குழைத்து, அக்காவைவிட அக்காவாக, சொன்னேன். ‘இப்ப வேண்டாங்கத்தை, பிள்ளையப் பசியமத்திட்டு இருக்கேன்.’

சத்தம் இல்லை. கட்டாகிவிட்டதா என்று பார்த்தேன், இல்லை, வினாடி ஓடுகிறது. அந்தப் பக்கம் ஒரு மாடு கத்துகிறது, அது நிஜ மாடு. என்ன தப்பு. குரல் தப்பா, இல்லை, குரல் சுத்தம், இந்தக் குரலில் பூபதி மாமாவையே கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வாரம் பேசவைத்திருக்கிறேன். மேளம் கூடிப்போயிற்றா. பசியமத்தும்போது மேளம் எதற்கு, சரி, ஒதுங்கி உட்கார்ந்ததாக வைத்துக்கொள்ளலாமே. செய்முறை வாசித்த மாமா அதிகமோ. அத்தை இருக்கீங்களா என்று கேட்கலாமா, கேட்டால் மாட்டுவேனா, கேட்காவிட்டால் மாட்டுவேனா. பிள்ளை என் கட்டைவிரலைத் துப்பிவிட்டான். உதடு. கர்ர். தீரா, வேண்டாம்டா, இப்போது வேண்டாம்.

‘வேணியா பேசறது?’ என்றார்கள் அத்தை.

நான் இல்லைங்கத்தை, செண்பகம்தான், என்று சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது என்னவோ வெறும் காற்று. அத்தை கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்கள், அதுதான் பயமாக இருந்தது. ‘உன்ற அக்கா எங்கிட்ட அப்படிச் சொல்லமாட்டா கண்ணு. பாலு குடுத்துட்டு இருக்கறனுங்கன்னுதான் சொல்லுவா. பிள்ளையப் பாக்க உங்கூரு ஆஸ்பத்திரிக்கு நான் வந்தன்னைக்கு ஒரே ஒருக்கா அந்த வார்த்தையச் சொன்னா. நான் சிரிச்சுப்போட்டேன். அன்னையோட விட்டுட்டா.’

மாட்டிக்கொண்டேன், ஆனால் அது மட்டும் இல்லை. அக்காவின் குரல் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தூக்கத்தில் பேசுவது, குளிக்கும்போது பாடுவது, பொய் சொல்லும்போது குரல் ஒரு நூல் ஏறுவது, அழுகையை முழுங்கும்போது ழகரமெல்லாம் ளகரமாவது, எல்லாம் என்னிடம் இருக்கிறது, பெட்டியில் பூட்டி வைத்த மாதிரி. அந்த வீட்டில் அவள் எப்படிப் பேசுகிறாள் என்று மட்டும் நான் கேட்டதே இல்லை. அங்கே எனக்குத் தெரியாத ஒரு செண்பகம் பாலு குடுக்கறனுங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், தினமும், ஒரு சிரிப்புக்காக ஒரு சொல்லை மடித்து வைத்துவிட்டு. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். நான் சிரித்தால்கூட அப்படி யாராவது எதையாவது விட்டுவிடுவார்களா. நான் எவ்வளவு பேரைச் செய்து காட்டிச் சிரிக்கவைத்திருக்கிறேன், திக்கிப் பேசுகிற கணக்கு வாத்தியாரை, மூக்கால் பேசுகிற மஞ்சுளாவை, மஞ்சுளா இப்போதெல்லாம் வகுப்பில் வாயே திறப்பதில்லையே, அது அதனாலா, இதையெல்லாம் இப்போதா யோசிப்பது, போன் காதில் எரிகிறது, அத்தை காத்திருக்கிறார்கள், சரியாக அப்போதுதான் என் தங்கம் கோயில் ஸ்பீக்கரை முழுசாகத் திறந்துவிட்டான்.

அண்ணாச்சியின் பிள்ளை திடுக்கிட்டு விழித்தது. போலீஸ்காரர் திரும்பினார். நான் மாடியைப் பார்த்தேன், ஜன்னல் எல்லாம் திறந்துகிடக்கிறது, கேட்காதே அக்கா, உனக்குக் காது கேட்காமல் போகட்டும், இந்தக் கொஞ்ச நேரம் மட்டும். போனுக்குள் அத்தையின் குரல் மாறிவிட்டது, அது பசியழுகை, ஓங்கி இழுக்கறான் பாரு, அவ எங்க, பிள்ளைய உங்கிட்டப் போட்டுட்டு எங்க போயிருக்கறா. எனக்கு ஆயிரம் குரல் இருக்கிறது. டாக்டர் குரலில் ‘உங்க மருமகளுக்கு லேசா மயக்கம்’ என்று சொல்லலாம். ‘நீங்கள் அழைத்த எண் தற்போது’ என்று அந்தப் பொம்பளை குரலில் சொல்லி வைத்துவிடலாம். எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது, பிள்ளையின் நாக்கு நடுங்குவதைப் பார்த்தேன், சிவப்பாக, காய்ந்துபோய், எல்லாம் திரும்பிப் போய்விட்டது. ‘பரீட்சை எழுதுறா அத்தை’ என்றேன். ‘கவர்மெண்டு வேலைக்கு. வெளிய நிக்கேன். அவன் சங்குல குடிக்க மாட்டேங்கான். அவளக் கூப்பிடட்டுமா, கூப்பிட்டா பாதியில வந்துருவா, திரும்ப உள்ள விடமாட்டாவ.’

அத்தையின் மூச்சு கேட்டது. கோபமாக இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன், எங்கிட்டச் சொல்லாமப் போயிருக்கறா பாரு, என்று தனக்குத்தானே சொல்வது கேட்டது, காதுகுத்தாமா காதுகுத்து. பிறகு, அதே கோபத்தோடு, கோபம் கொஞ்சமும் குறையாமல், வேறு வேலையில் இறங்கினார்கள். எடுத்து வெச்ச பாலு இருக்குதா. இருக்கு. மோந்து பாரு. நல்லாருக்கு. அவன மல்லாக்கப் போட்டயா, அதைய மொதல்ல நிறுத்து, நிமித்தி உக்கார வெய்யி, முதுகு உன்ற கையில. வைத்தேன். உன்ற அக்கா துணி ஏதாச்சும். அவள் துப்பட்டா பையில் இருந்தது, காலையில் வரும்போது போட்டிருந்தது, வியர்வையும் பவுடரும் புளித்த பாலும், அதை என் தோளில் போட்டதும் பிள்ளையின் அழுகை ஒரு படி இறங்கியது, மூக்கை வைத்துத் தேடினான். சங்க கீழ் ஒதட்டுல வெய்யி, ஊத்தாத, காட்டு, அவனே நக்குவான். அண்ணாச்சியிடம் போனைக் கொடுத்தேன், அவர் தன் பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு கையால் போனை என் காதருகே பிடித்தார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். நான் பசியமத்தவில்லையே அண்ணாச்சி, சங்குதானே, ஏன் திரும்புகிறீர்கள், என்று சொல்ல நினைத்தேன். அவர் திரும்பினது எனக்கு என்னவோ செய்தது.

உதட்டில் சங்கை வைத்தேன். இறுக்கி மூடிக்கொண்டான். இந்த ஆளை நம்பமாட்டேன் என்று முகத்தில் எழுதியிருந்தது. மூடிக்கிட்டான் அத்தை என்றேன். அத்தை சொன்னார்கள், பேசு, அவங்கம்மாவாட்டப் பேசு, அதுதான் உனக்கு வருமே, எங்கூட அத்தன நேரம் பேசுனயே. இதுவரைக்கும் யாரும் என்னிடம் கேட்டதில்லை, இப்படிப் பேசு என்று. நிறுத்து என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், எல்லாரும், எப்போதும். ‘முன்னாடி பேசுனேன் அத்தை, ஏமாந்துட்டான், இனிமே நம்பமாட்டான்.’ அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. ‘அப்பச் சும்மா சொன்ன, இப்பக் கையில பாலு இருக்குதல்ல. உங்கூரு வார்த்தையிலயே சொல்லு, அவனுக்கு அதுதான தெரியும்.’ சொன்னேன். முதலில் பாதி மூச்சு, அப்புறம் சொல். வாங்க, பசியமத்துவமா, என் ராசாவுக்குப் பசியமத்துவமா. குரல் நடுங்கி ஒரு இடத்தில் நானாகிவிட்டது, அக்கா கொஞ்சம் நான் கொஞ்சம், சரி, என்ன இப்போது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். யோசித்தான், சத்தியமாக யோசித்தான். நாக்கு நுனி வெளியே வந்தது, சங்கின் மூக்கைத் தொட்டது, உள்ளே போனது. மறுபடி வந்தது. க்ளக். முழுங்கிவிட்டான் அத்தை. க்ளக். முழுங்குறான், முழுங்குறான், என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், புங்கமரம் முழுக்கக் காக்கா இருந்தும் எனக்கு அந்த க்ளக் மட்டும்தான் கேட்கிறது, கிரிக்கெட் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு முழுங்கலுக்கும் எனக்குக் குதிக்கவேண்டும் போல இருக்கிறது, குதித்தால் சிந்தும், கால் விரலை மட்டும் செருப்புக்குள் மடக்கி மடக்கிக் குதித்துக்கொள்கிறேன். சம்படத்தில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான், எல்லாம் தீர்ந்தது, வழித்துக் கொடுத்தேன், முழு வயிறு இல்லை, பசியின் மூர்க்கம் அடங்கினது போதும். நெற்றியில் வேர்த்துக் கண் செருகிவிட்டான். அண்ணாச்சி, குடிச்சுட்டானாம்மா, என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

அத்தை சொன்னார்கள், அவ வெளிய வந்ததும் ஒண்ணும் சொல்லவேண்டாம், நானே கூப்படறேன், அவகிட்டப் பேச வேண்டியது எனக்கு இருக்குது. அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள். என்ன பேசவேண்டியது. திட்டா. உடனே பஸ் ஏறு என்பதா. மாமனாரிடம் சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுவார்களா. புத்தகத்தையெல்லாம் கட்டிப் பரணில் போடுவதா. அக்கா அங்கே போகும்போது புத்தகத்தைப் பிள்ளைத் துணிக்கு அடியில் வைத்துத்தான் கொண்டுபோவாள், மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படிப்பாளாம், பாதிப் படிப்பு அப்படித்தான், பிள்ளை வயிறு நிறையும்போது ஒரு பாடம் முடியுமாம். ஒரு சொல்லில் எல்லாம் போயிற்றா. என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லில். அத்தை குரலைப் போட்டுப் பார்க்கிறேன், என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள, ஆளைப் போட்டுக்கொண்டால் அடுத்த வரி தானாக வரும், எனக்கு எப்போதும் வரும். அத்தைக்கு வரவில்லை. ‘அவகிட்டப் பேச வேண்டியது இருக்குது’, அதற்கு மேல் இருட்டு.

மணி அடித்துவிட்டார்கள். கேட் திறக்கிறது, கூட்டம் கொட்டுகிறது, எல்லாருக்கும் முன்னால் அக்கா, ஓடுகிறாள், செருப்பு ஒன்று திரும்பிக்கொண்டது, முன்பக்கம் இரண்டு இடத்தில் சுடிதார் நனைந்து கருத்திருக்கிறது, அதை ஹால்டிக்கெட்டால் மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எழுதிட்டேன் வேணி, எல்லாமே எழுதிட்டேன், படிச்சதுதான் பூராம் வந்துச்சு. பிள்ளையை வாங்கி முகத்தோடு முகம் வைக்கிறாள், அழுதானா, குடிச்சானா, அத்தை கூப்பிட்டாங்களா. மூன்றுக்கும் சேர்த்துத் தலையை எந்தப் பக்கமும் போகாமல் ஒரு ஆட்டு ஆட்டினேன். பூட்டியிருந்த ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்தாள், நான் துப்பட்டாவைத் திரை மாதிரி விரித்துக்கொண்டு ரோட்டுக்கு முதுகு காட்டி நின்றேன். பிள்ளை பாய்ந்து பிடித்தான். அக்கா கண்ணை மூடி, ஸ்ஸ் என்று வலியோடு ஒரு மூச்சு விட்டாள், அவள் தோள் இரண்டும் இறங்கின. அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தே நாளாயிற்று. போன் துடித்தது. எடு, ஸ்பீக்கர்ல போடு, கை ஒழியல, என்றாள்.

போட்டேன். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள், முதுகு நேரானது, அப்புறம் ஒரு குரல் வந்தது, நான் கேட்டே இராத குரல், மெலிந்து, ஓரமெல்லாம் வழித்துத் துடைத்து, யார் வீட்டிலோ பாத்திரத்தைச் சத்தம் வராமல் வைக்கிற மாதிரி. ‘சொல்லுங்கத்தை. காதுகுத்து நல்லா ஆச்சுங்க. இப்பத்தான் பிள்ளைக்குப் பாலு குடுத்துட்டு இருக்கறனுங்க.’

‘செரி,’ என்றார்கள் அத்தை. ‘பசியமத்து.’

அக்காவின் கை பிள்ளையின் தலையில் அப்படியே நின்றது. சொல் அந்தப் பக்கத்து நாக்கில் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது, மத்து என்கிற இடத்தில் இடறியது, ஆனால் வந்துவிட்டது. அக்கா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் பாவாடைக் கறையைப் பார்த்தாள், காலியான சம்படத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் வெளுத்து, பிள்ளையை அவசரமாக விலக்கப்போனாள், போனைக் கையில் வாங்க, மன்னிப்புக் கேட்க, என்னவோ. அத்தை, அது வந்துங்க, என்று ஆரம்பித்தாள். ‘பிள்ளைய எடுக்காத’ என்றது போன். ‘எம்மேல பயந்து நடுவுல எடுக்காத. கோவம் இருக்குது, இல்லாம இல்ல, ஊருக்கு வா, நேர்ல வெச்சுக்கறேன். உங்க மாமனார்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன், நீ எதுவும் பேசவேண்டாம். நல்லா எழுதுனயா?’

அக்கா எழுதினேன் என்று தலையை ஆட்டினாள், போனைப் பார்த்து, அத்தைக்குத் தெரியும் போல. நான் வாயைத் திறந்தேன், நான் சொல்கிறேன் அவளுக்குப் பதிலாக என்று, அவள் குரல் என்னிடம் இருக்கிறதே. அக்கா கையை நீட்டி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள், இரு என்று. அழுகையை முழுங்கிவிட்டு அவளே சொன்னாள், ழகரம் ளகரமாகி, மிச்சம் மீதியில்லாமல் எங்கள் வீட்டுக் குரலில். ‘எழுதிட்டேன் அத்தை. இருங்க, பசியமத்திட்டு வாரேன்.’

அத்தை இருந்தார்கள். வைக்கவில்லை. நான் ஒரு கையில் துப்பட்டாவையும் ஒரு கையில் போனையும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பக்கம் மாடு ஒன்று சங்கிலியை அசைக்கிறது, இந்தப் பக்கம் இவன் க்ளக், க்ளக் என்று முழுங்குகிறான், வினாடி ஓடிக்கொண்டே இருக்கிறது.